இருபத்திரண்டு, ஏழு

மே மாதம். தாராவி, 90 அடி சாலை. பிற்பகல் ஒன்றரை மணி.

சாலையை விட்டுப் பிரியும் கல்லியில் ஓர் இளைஞன் வருகிறான். நெஞ்சோடு அணைத்த கம்ப்யூட்டர் கேபினட். அதன் மேல் பூப்போட்ட துண்டு. எதிரில் வருகிறவர்கள் சுவரோடு ஒட்டி வழி விடுகிறார்கள். துண்டு நழுவிக் கீழே விழுகிறது. வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டி எழுந்து, அதை உதறி, மறுபடியும் கேபினட்டின் மேல் போர்த்திவிடுகிறாள். குழந்தைக்குப் போர்த்துவது போல நான்கு மூலையையும் இழுத்துவிடுகிறாள்.

கல்லி முனையில் கிரைண்டர் ஓடுகிறது. நாளைய இட்லிக்கு மாவு. விடியலில் சைக்கிளில் ஏறி, ரப்பர் ஹாரன் அடித்துக்கொண்டு சயான், மாட்டுங்கா என்று சுற்றி வந்த பாத்திரங்கள் சுவரோரம் கவிழ்ந்து காய்கின்றன. திடீரென்று கிரைண்டர் நிற்கிறது. ஒரு பெண் மோட்டாரின் மேல் கை வைத்துப் பார்த்துவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொள்கிறாள்.

இரும்பு ஏணி. பதினோரு படி. முதல் படியில் வெள்ளை பெயிண்ட்டில் தமிழிலும் இந்தியிலும் 'கம்ப்யூட்டர்'. கீழே தோல் பை தைக்கும் கார்க்கானா. மேலே, தகரக் கூரைக்கு அடியில், போட்மாலாவில் கடை.

குனிந்தால்தான் நுழைய முடியும். உத்திரத்தில் வரிசையாகக் கொக்கிகள். தோல் காயப்போட்ட கொக்கிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்து இறங்கியவர்களின் இடம் இது. இப்போது கொக்கிகளில் கேபிள்கள் தொங்குகின்றன. சாம்பல், கறுப்பு, ஒன்றிரண்டு மஞ்சள்.

மேசைக்குப் பின்னால் கையில்லாத பனியனில் ஒருவர். ஐம்பதைத் தாண்டியவர். நெற்றியில் விபூதி வியர்வையில் பாதி கரைந்திருக்கிறது. கீழே தைக்கிறவர்களுக்கும், டீ கொண்டுவரும் பையனுக்கும், மின்கட்டண பில் கொண்டுவருகிற மராத்திக்காரருக்கும் அவர் அண்ணாச்சி.

"வா தம்பி. மெதுவா வை."

சுவரில் ஒரு பக்கம் ஒட்டியிருக்கிறது. பழைய கணினி இதழிலிருந்து கிழித்தது. மதர்போர்டு ஒன்றின் மேல் வெள்ளையாக ஆவி. 2011 ஆகஸ்ட் 31. டெக்சாஸ் மாநிலத்தில் ஆஸ்டின் நகரம். ஏஎம்டியின் எஃப்எக்ஸ் ப்ராசஸர் ஒன்று 8.429 கிகாஹெர்ட்ஸைத் தொட்டு கின்னஸில் ஏறிய நாள். குளிர வைக்க ஊற்றியது திரவ ஹீலியம். சைபருக்குக் கீழே 269 டிகிரியில் கொதிக்கிற பொருள். அந்தப் படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு வெப்பமானி. 38 காட்டுகிறது.

அண்ணாச்சி நீள நோட்டை விரிக்கிறார். அடிக்கோல் வைத்துப் போட்ட நான்கு பத்தி. தேதி, பொருள், கோளாறு, கூலி. கோளாறுப் பத்தியில் முந்தைய வரிகள்: எலி கடித்த வயர். கரப்பான். மழைத்தண்ணீர். ஒன்றுமில்லை, பின்பக்க சுவிட்ச் போடவில்லை. கடைசியதற்கு நேரே கூலிப் பத்தியில் ஒரு சிறு கோடு. அவர் தேதியையும் பொருளையும் எழுதுகிறார். மற்ற இரண்டையும் விட்டுவிட்டுப் பேனாவை மூடுகிறார்.

இளைஞன் தோள்பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறான். புது பவர் சப்ளையின் அட்டைப்பெட்டி. தெர்மல் பேஸ்ட் டியூப். பொத்தான் செல் ஒன்று, பிரிக்காத உறையில். கூலர் பெட்டி. மூன்று பில். எல்லாம் லாமிங்டன் ரோடு. மாஹிமில் ரயில் ஏறி கிராண்ட் ரோட்டில் இறங்கி, மூன்று வெவ்வேறு நாளில் வாங்கியவை. பில்களை அவன் தேதிவாரியாக அடுக்குகிறான்.

"நாலு நாலுல ஓடும் அண்ணாச்சி. அஞ்சாறு நிமிஷந்தான். அப்புறம் ஒன்னு நாலுக்கு இறங்கிரும்."

"அதுவா ஏறுதா?"

"ஏறும். ஏறி இறங்கும். ஒரு கடையில செல்லுன்னாங்க. ஒரு கடையில பவர் சப்ளைன்னாங்க. இன்னொருத்தர் ப்ராசஸரே போச்சுன்னுட்டார்."

அண்ணாச்சி தலையை ஆட்டவில்லை. மறுக்கவும் இல்லை.

"வெள்ளிக்கிழமை குடுக்கணும்."

இன்று புதன்.

திரையில் ஒரு கல்யாணம் உறைந்து நிற்கிறது. மாட்டுங்காவில் ஒரு மண்டபம். வாசலில் கட்டிய வாழை. மணப்பெண்ணின் தாய் யாரையோ தேடுகிற பார்வையோடு நின்றுபோயிருக்கிறாள். இளைஞன் ஒரு பொத்தானை அமுக்குகிறான். படங்களைக் கோத்து ஒரே வீடியோவாக்கும் வேலை தொடங்குகிறது. பச்சைக் கோடு. மீதி நேரம், 41 நிமிடம்.

திரையின் ஓரத்தில் இன்னொரு சிறிய சன்னல். அதில் இரண்டு எண்தான் முக்கியம். பஸ், 200. பெருக்கி, 22. பெருக்கினால் 4400 மெகாஹெர்ட்ஸ்.

ப்ராசஸர் எஃப்எக்ஸ்-8350. 2012 அக்டோபரில் வந்தது. எட்டு கோர். செய்தவர்கள் அதற்கு வகுத்த அடிப்படை வேகம் 4000. மேலே இருக்கிற 400 இந்தப் பையன் ஏற்றியது. பெருக்கியை 20-லிருந்து 22 ஆக்கி, வோல்ட்டேஜை 1.425 வரை கூட்டி. புதுக் கம்ப்யூட்டர் வாங்கக் காசில்லாத வீட்டில் வேகம் இப்படித்தான் வருகிறது.

இருவரும் அந்த எண்ணையே பார்க்கிறார்கள். கீழே தையல் மெஷின்கள். சாப்பாட்டு நேரம் முடிந்து ஒன்று, இரண்டு என்று ஓடத் தொடங்குகின்றன.

நான்காவது நிமிடம், 22.

ஐந்தாவது நிமிடம், 22.

ஆறாவது நிமிடம், 7.

1400 மெகாஹெர்ட்ஸ். மீதி நேரம் மெல்ல வளர்ந்து 1 மணி 50 நிமிடத்துக்கு வருகிறது. இளைஞன் உதட்டைக் கடிக்கிறான். அண்ணாச்சி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, அட்டைப்பெட்டி ஒன்றின் ஓரத்தில் பென்சிலால் '6' என்று எழுதுகிறார்.

முதல் கட்டிங் டீ வருகிறது.

அண்ணாச்சி பயாஸைத் திறக்கிறார். நீலத் திரை. ஒவ்வொரு வரியாக இறங்குகிறார். விரல் திரையைத் தொடாமல் கூடவே இறங்குகிறது. பெருக்கி 22. வோல்ட் 1.425. எழுதியது எழுதியபடி இருக்கிறது. கரண்ட்டைப் பிடுங்கிவிட்டு, செல்லை வெளியே எடுக்காமலே அதன் மேல் மீட்டரை வைக்கிறார். 3.02. மூன்று வோல்ட் செல் மூன்று வோல்ட் காட்டுகிறது. செல் செத்திருந்தால் பயாஸ் போட்டதை மறந்துவிடும். போடும்போதே 4000-ல்தான் கண் விழிக்கும். ஆறு நிமிடம் கழித்து மறக்காது. பழைய செல் பழைய இடத்திலேயே இருக்கிறது. புதுச் செல்லை உறையோடு இளைஞன் பக்கம் நகர்த்துகிறார்.

"இது வச்சிக்கோ. சுவர்க் கடிகாரத்துக்கு ஆகாது. வேற மெஷினுக்கு ஆகும்."

அடுத்து விண்டோஸில் மின்சாரத் திட்டம். முழு வேகத்தில் இருக்கிறது. மறுபடி பயாஸ். வேலை இல்லாத நேரத்தில் வேகத்தைக் குறைக்கிற 'கூல் அண்ட் கொயட்', அணைத்திருக்கிறது. அதற்கு மூன்று வரி கீழே 'ஏபிஎம்'. வாட் கணக்கு மீறினால் பெருக்கியை இறக்குகிற ஏற்பாடு. அது மட்டும் விழித்திருக்கிறது.

அண்ணாச்சியின் விரல் அங்கே நிற்கிறது.

இளைஞன் முட்டி போட்டு நிமிர்கிறான்.

அணைக்கிறார். சேமிக்கிறார். மறுபடி கல்யாணம். மறுபடி வாழை மரம், தாயின் தேடும் பார்வை, 41 நிமிடம். எண் 22-ல் நிற்கிறது. நான்கு. ஐந்து. ஆறு. ஆறே கால். இளைஞன் சிரிக்கப் போகிறான்.

7.

அண்ணாச்சி '6'-க்குக் கீழே '6¼' என்று எழுதுகிறார்.

இரண்டாவது கட்டிங். முதல் தம்ளர் சன்னல் விளிம்பிலேயே இருக்கிறது.

பவர் சப்ளை. மீட்டரின் சிவப்பு முனை, 12 வோல்ட் வருகிற நாலு முள் சாக்கெட்டின் பின்பக்கத்தில். வேலை முழு வேகத்தில் ஓடும்போது 11.91. எண் 7-க்கு விழும்போது 12.06. நூற்றுக்கு ஐந்து கூடக் குறைய இருக்கலாம். இது ஒன்றுகூட இல்லை. அண்ணாச்சி அட்டைப்பெட்டியின் மேலிருக்கும் பில்லைப் பார்க்கிறார். தொகையைப் பார்க்கிறார். பில்லை மடித்து அதே இடத்தில் வைக்கிறார்.

தகரக் கூரை டக் டக் என்று விரிகிறது. கீழே மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்கின்றன. மணி மூன்று. தைக்கிறவர்கள் வெட்டிய தோல்துண்டுகளுக்கு நடுவே தரையில் கால் நீட்டிப் படுக்கிறார்கள். ஒருவர் சட்டையைக் கழற்றித் தலைக்கு வைத்துக்கொள்கிறார். மேசை விசிறி ஒன்று ஏழு பேருக்கும் முறைபோட்டுத் திரும்புகிறது.

மேலே கூலரைக் கழற்றும் வேலை. புதுக் கூலர். உயரமான கோபுரம். அலுமினியத் தகடுகள், நான்கு செம்புக் குழாய். அண்ணாச்சி அதை நேராக இழுக்கவில்லை. கதவுக் குமிழைத் திருகுவது போல் இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம். இழுத்தால் ப்ராசஸரும் கூடவே பெயர்ந்து வரும். அடியில் தொள்ளாயிரத்துக்கு மேல் ஊசிக்கால்கள். ஒன்று மடங்கினால் ஒரு சாயங்காலம் போய்விடும்.

சத்தமில்லாமல் விடுகிறது.

பேஸ்ட் நாலு பக்கமும் பிதுங்கியிருக்கிறது.

"யாரு போட்டது?"

"நாந்தான்."

"தோசைக்குச் சட்னி வச்ச மாதிரி வச்சிருக்க."

பஞ்சு, ஸ்பிரிட். மூன்று முறை துடைக்கிறார். ப்ராசஸரின் முதுகில் எழுத்துகள் தெளிகின்றன. நடுவில் ஒரு பட்டாணி அளவுக்குப் புதுப் பேஸ்ட். கோபுரம் மறுபடி உட்காருகிறது. திருகுகளைக் குறுக்காக மாற்றி மாற்றி முடுக்குகிறார். ஒரே மூலையை முழுதும் முடுக்குவதில்லை.

கல்யாணம். வாழை. தாய். 41.

ப்ராசஸரின் சூடு முன்பு 64 வரை போயிற்று. 61 சொச்சத்தைத் தாண்டக்கூடாது என்பது செய்தவர்கள் போட்ட எல்லை. இப்போது 55-ல் நிற்கிறது. ஆறு நிமிடம் போகிறது. ஏழு. எட்டு. 55. இளைஞன் போனை எடுத்து யாருக்கோ எழுதுகிறான். எழுதி முடித்து அனுப்பப் போகும்போது தலையைத் தூக்குகிறான்.

பெருக்கி 7. சூடு 55.

எழுதியதை எழுத்தெழுத்தாக அழிக்கிறான்.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றிப் பனியனில் துடைக்கிறார். நாற்காலியில் பின்னால் சாய்கிறார். மேசையின் இழுப்பறை பாதி திறந்திருக்கிறது. உள்ளே, கடுதாசிகளுக்கு நடுவே, உள்ளங்கை நீளத்தில் ஒரு பச்சைப் பலகை. செலரான் 300ஏ. 1998-ல் வந்தது. ஓரத்தில் வெள்ளைத் தாள் ஒட்டி, நீல மையில், '300 → 450'. பஸ்ஸை 66-லிருந்து 100-க்கு மாற்றினால் போதும், விலை குறைந்த சில்லு விலை கூடியதற்குச் சமமாக ஓடும் என்று உலகம் முழுக்க ஒரு தலைமுறை கற்றுக்கொண்டது அதில்தான். மை மங்கவில்லை. அடிக்கடி எடுத்துத் தொடாத பொருள்.

மூன்றாவது கட்டிங். நான்காவது. கல்லி முனையில் கிரைண்டர் மறுபடி ஓடுகிறது. பேச்சில்லை.

பிறகு அவர் கேபினட்டின் மேல் குனிகிறார். பார்க்கவில்லை. மோக்கிறார்.

ப்ராசஸருக்கு இடப்பக்கம், பலகையின் விளிம்பில், சாம்பல் நிறச் சதுரச் சோக்குகள் வரிசையாக. அவற்றுக்கு முன்னால் கறுப்பு மாஸ்ஃபெட்கள், நகத்தளவு. மேலே எந்தத் தகடும் இல்லை. மொட்டையாக நிற்கின்றன. பவர் சப்ளை தருவது 12 வோல்ட். ப்ராசஸர் கேட்பது ஒன்றரைக்கும் கீழே. இறக்கித் தருவது இந்த வரிசை. 125 வாட்டை 1.3 வோல்ட்டால் வகுத்தால் 96 ஆம்பியர். வேகமும் வோல்ட்டும் ஏற்றிய பிறகு நூறைத் தாண்டும். கடைச் சுவரில், எல்லா விளக்குக்கும் விசிறிக்கும் மெஷினுக்கும் சேர்த்து, ஒரே ஒரு எம்சிபி. அதில் எழுதியிருப்பது 16.

அண்ணாச்சி புறங்கையைக் கறுப்பு வரிசைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் நீட்டுகிறார். மெல்லத் தாழ்த்துகிறார். பாதியிலேயே கை திரும்பி வருகிறது.

இழுப்பறையைத் துழாவுகிறார். வெள்ளைத் துப்பாக்கி ஒன்று வெளியே வருகிறது. நெற்றியில் காட்டிக் காய்ச்சல் பார்ப்பது. 2020 ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் கொரோனா நோயாளி தெரியவந்தபின், மாதக்கணக்கில் இந்தக் கல்லிகளில் வாசல் வாசலாக நீண்ட கருவி. மாஸ்ஃபெட்டை நோக்கிக் குதிரையை அமுக்குகிறார். சிவப்புத் திரையில் எண் வரவில்லை. 'ஹை' என்று வருகிறது. மனித உடம்பு தாங்காத சூடு என்பதற்கு மேல் அதற்குச் சொல்லத் தெரியாது.

மீட்டரோடு வருகிற சூட்டுக் கம்பி. முனையை மஞ்சள் நாடாவால் மாஸ்ஃபெட்டின் முதுகில் ஒட்டுகிறார். எண் ஓடுகிறது. 80. 92. 101. 107.

112.

அந்த நொடியில் திரையில் 22 போய் 7 வருகிறது.

இருவரும் ஒரே நேரத்தில் மூச்சு விடுகிறார்கள்.

பலகையே ப்ராசஸரின் ஒரு காலைக் கீழே இழுக்கிறது. ப்ராக்ஹாட் என்று அந்தக் காலுக்குப் பெயர். எரிந்துபோகாமல் இருக்க, வேலையைக் குறை என்ற சைகை. ப்ராசஸர் கடைசிப் படிக்கு இறங்கி நடக்கிறது. சூடு ஆறுகிறது. கால் விடுபடுகிறது. ஓடுகிறது. மறுபடி 112. ப்ராசஸர் கெட்டுப்போகவில்லை. சொன்ன சொல்லைக் கேட்டுக்கொண்டிருந்தது.

அண்ணாச்சி எழுந்து கொக்கியிலிருந்து எதையோ எடுக்கிறார். பனையோலை விசிறி. ஓரத்தில் சிவப்புத் துணி வைத்துத் தைத்தது. திருச்செந்தூர்க் கோயில் வாசலில் விற்பது. அவர் உட்காருகிறார். சிறிய சீரான வீச்சில், கறுப்பு வரிசைக்கு மட்டும் விசிறுகிறார்.

112. 106. 99. 94.

22.

விசிறியை நிறுத்துகிறார். மடியில் வைத்துக்கொள்கிறார். இருவரும் காத்திருக்கிறார்கள். 98. 104. 109. 112.

7.

விசிறுகிறார்.

22.

நிறுத்துகிறார்.

7.

"குடுங்க அண்ணாச்சி" என்று இளைஞன் விசிறியை வாங்கிக்கொள்கிறான். அவன் விசிறுகிறான். அவன் நிறுத்துகிறான். மூன்று முறை. நான்காவது முறை கண்ணை மூடிக்கொண்டு விசிறிவிட்டுத் திறந்து பார்க்கிறான். 22. வந்ததிலிருந்து முதல் தடவையாக அவன் பல் தெரிகிறது.

"இந்தக் கூலர் எப்பம் போட்ட?"

"ஏப்ரல்ல."

"கோளாறு எப்பம் வந்தது?"

இளைஞன் வாயைத் திறந்து, மூடுகிறான். "அதுக்கு மறுநாளு."

"பழசு எங்க?"

பெட்டிக்குள் இருக்கிறது. ப்ராசஸரோடு வந்த பழைய கூலர். குட்டையானது. மேலே விசிறி, கீழ்நோக்கி ஊதும். அண்ணாச்சி அதைப் பலகைக்கு மேல் அந்தரத்தில் பிடிக்கிறார். விளக்கு வெளிச்சத்தில் அதன் நிழல் விழுகிறது. ப்ராசஸரின் மேல் பாதி. கறுப்பு வரிசையின் மேல் பாதி. பழைய விசிறி ப்ராசஸருக்கு ஊதிய காற்றில் கொஞ்சம் வழிந்து அக்கம்பக்கத்துக்கும் போயிருக்கிறது. புதுக் கோபுரம் பக்கவாட்டில் ஊதுகிறது. முன்பக்கத்தில் வாங்கிய காற்றைப் பின்பக்கத்தில் விடுகிறது. தன் ப்ராசஸரை நன்றாகக் குளிர வைக்கிறது. கீழே இருப்பவற்றுக்கு ஒரு மூச்சும் சிந்துவதில்லை.

அவர் பழைய கூலரைப் பெட்டிக்குள் திரும்ப வைக்கிறார். இளைஞன் மூன்று பில்களையும் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறான். பிறகு வெளியே எடுத்து, நான்காக மடித்து, பேண்ட் பைக்குள் ஆழமாகத் தள்ளுகிறான்.

பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டின் இறங்குகிறது. உள்ளே செத்த பலகைகளிலிருந்து பெயர்த்த அலுமினியத் தகடுகள். பதிமூன்றாம் காம்பவுண்டில் எடைக்கு வாங்கியவை. ஒன்றைப் பிடிக்கருவியில் கவ்வி ஹேக்ஸாவால் அறுக்கிறார். அலுமினியத் தூள் வெள்ளைச் செய்தித்தாளில் விழுகிறது. கேபினட் இருக்கும் பக்கம் ஒரு பொட்டும் போகாதபடி தாளை மடித்து வைத்திருக்கிறார். அறுபடும் சத்தத்தில் கீழே படுத்திருந்தவர்கள் எழுந்துவிடுகிறார்கள். தையல் மெஷின்கள் மறுபடி ஓடத் தொடங்குகின்றன.

ரம்பத்தின் கரகரப்பு. உப்புத்தாள். அறுத்த விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்க்கிறார். மறுபடி உப்புத்தாள்.

"ஒட்டிரலாமா அண்ணாச்சி?"

"பொறு. உலோகத்துல உலோகம் பட்டா எல்லாம் போச்சு."

சாம்பல் நிற ரப்பர் போன்ற தெர்மல் பேட். கத்தரிக்கோலால் அளவாக வெட்டுகிறார். சூட்டை விடும், மின்சாரத்தை விடாது. வரிசையின் மேல் பேட். பேட்டின் மேல் தகடு. இரண்டு விரலால் அழுத்தி, உதடசைத்து அறுபது எண்ணுகிறார். அதன் மேல், பழைய பவர் சப்ளையிலிருந்து கழற்றிய 80 மில்லிமீட்டர் விசிறி. தூசி தட்டி, அச்சில் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய். எண்ணெய்க்குக் கீழே குரல் கொடுக்கிறார். குப்பி ஏணி வழியாகக் கைமாறி மேலே வருகிறது. ப்ளாஸ்டிக் நாடா இரண்டால் விசிறியைக் கேபினட்டின் கம்பியோடு கட்டுகிறார். நுனிகளை நறுக்குகிறார்.

"நாலு நாலே வேணுமா தம்பி?"

இளைஞன் பதில் சொல்லவில்லை.

அண்ணாச்சி பென்சிலை எடுக்கிறார். '6', '6¼' எழுதிய அதே அட்டை. வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் சூடு அந்த அளவுக்குத்தான் கூடும். வோல்ட் அப்படியில்லை. வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்க வேண்டும். நூற்றுக்குப் பத்து கூட்டினால் சூடு இருபத்தொன்று கூடும். அவர் 1.425-ஐ அடித்து 1.375 என்று எழுதுகிறார். 22-ஐ அடித்து 21. பக்கத்தில் பெருக்கல். சூடு நூற்றுக்குப் பதினொன்று இறங்குகிறது. அதற்கும் கீழே, 41 நிமிடம். அதை அடித்து, 43.

அந்த 43-ஐச் சுற்றி ஒரு வட்டம் போடுகிறார்.

இளைஞன் வட்டத்தைப் பார்க்கிறான். ஆறு நிமிடத்துக்குப் பிறகு விழுந்த 1 மணி 50 நிமிடத்தை நினைத்துக்கொள்ள அவனுக்கு அட்டை தேவைப்படவில்லை. "போடுங்க" என்கிறான்.

மணி ஆறு முப்பத்தைந்து. விளக்குப் போட்டாயிற்று. கல்யாணம் தொடங்குகிறது. வாழை மரம். தேடுகிற தாய். பெருக்கி 21. சூட்டுக் கம்பி 61.

ஆறாவது நிமிடம். 21.

ஒன்பதாவது நிமிடம். 21. சூட்டுக் கம்பி 77.

பதினைந்தாவது நிமிடம். 21. சூட்டுக் கம்பி 82. அதற்கு மேல் ஏறவில்லை.

அண்ணாச்சி இப்போது எண்ணைப் பார்க்கவில்லை. கல்யாணத்தைப் பார்க்கிறார். தாய் தேடியவர் கிடைத்துவிட்டார். நாதஸ்வரக்காரர் அவர், கூட்டத்துக்குப் பின்னால் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார். கெட்டிமேளம். அட்சதை பறக்கிறது. கேமராவின் கண்ணாடியிலேயே இரண்டு அரிசி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிறகு செம்பூர். செடா நகர் முருகன் கோயில் வாசல். மணமக்கள் மாலையோடு நிற்கிறார்கள். பின்னால் ஒரு சிறுவன் படத்துக்குள் வருவதும் போவதுமாக இருக்கிறான்.

"அவன வெட்டலயா?"

"வெட்டினேன். வீட்டுக்காரங்க வைக்கச் சொன்னாங்க."

அண்ணாச்சி தலையாட்டுகிறார்.

ஏழு பதினெட்டு. பச்சைக் கோடு மறுமுனையைத் தொடுகிறது. மணியொன்று ஒலிக்கிறது. சன்னல் விளிம்பில் ஆறு டீ தம்ளர். இளைஞன் அவற்றை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குகிறான்.

கூலி பேசப்படுகிறது. இளைஞன் ஒரு தாளை நீட்டுகிறான். அண்ணாச்சி பாதியைத் திருப்பித் தருகிறார். நோட்டு விரிகிறது. விசிறி ஒன்று, தகடு ஒன்று, கூலி. கோளாறுப் பத்தியில் பேனா சிறிது நேரம் நிற்கிறது. பிறகு எழுதுகிறது: 'சூடு வெளியே போக வழியில்லை.' பத்தி குறுகலானது. கடைசிச் சொல் அடுத்த வரிக்கு இறங்குகிறது.

இளைஞன் துண்டை எடுத்து விரிக்கிறான்.

"வீட்லயும் இத போத்தித்தான் வச்சிருப்பியா?"

"தூசி விழும்னு அம்மா..."

அண்ணாச்சி துண்டை வாங்கி, மடித்து, அவன் தோளில் போடுகிறார்.

பதினோரு படி. இறங்கும்போது கீழேயிருந்து தைக்கிற ஒருவர் கேபினட்டின் அடியைத் தாங்கிக்கொள்கிறார். கல்லியில் வெயில் இல்லை, ஆனால் சுவர்கள் இன்னும் சுடுகின்றன. இட்லிப் பாத்திரங்கள் உள்ளே போய்விட்டன. கிரைண்டர் அரைத்து முடித்து, ஒரு பெண் கல்லைக் கழுவிக்கொண்டிருக்கிறாள்.

எதிரில் வருகிறவர்கள் சுவரோடு ஒட்டிக்கொள்கிறார்கள். பாட்டி வாசலில் அதே இடத்தில் இருக்கிறாள். மொட்டையாக வருகிற கேபினட்டைப் பார்த்து எழுகிறாள். அவன் தோளிலிருந்து துண்டை உருவுகிறாள்.

"வேண்டாம் பாட்டி. அதுக்குக் காத்து வேணும்."

பாட்டி துண்டோடு நிற்கிறாள். அவனைப் பார்க்கிறாள். பெட்டியைப் பார்க்கிறாள். துண்டின் ஒரு நுனியால் கேபினட்டின் மேலிருக்கும் தூசியைத் துடைக்கிறாள். மறுநுனியால் அவன் நெற்றியைத் துடைத்துவிட்டு, சுவரோடு ஒதுங்கி வழி விடுகிறாள்.